சிவப்பு உருண்டையில் இரண்டு துளை போதாது

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி (ஓ-எச்) தவணை முறையில்தான் வந்து சேர்கிறது. பத்தாம் வகுப்பில் கரிமச் சேர்மங்களுக்குப் பெயரிடும்போது எட்டிப் பார்க்கும். பிளஸ் ஒன்னில் ஹைட்ரஜன் பிணைப்பு என்று வேறொரு தலைப்பு வரும். பிளஸ் டூவில் ஆல்கஹால், பீனால் என்று மறுபடி முதல் கதை. இரண்டும் ஒரே சங்கதி என்பது பலருக்குப் பரீட்சை முடியும் வரை பிடிபடுவதில்லை. இந்த இடைவெளியை அடைக்கத்தான் பள்ளிகளும் டியூஷன் சென்டர்களும் உருண்டையும் குச்சியுமாக இருக்கும் மூலக்கூறு மாதிரிப் பெட்டியை வாங்குகின்றன. கோயம்புத்தூர், பாலக்காடு ஆய்வகச் சாமான் கடைகளிலும் ஆன்லைனிலும் பல பெயர்களில் கிடைக்கிறது. பெயர் எதுவானாலும் சிறிய பெட்டிகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், இது ஒரு கம்பெனியைப் பற்றிய மதிப்பீடு இல்லை. அந்த வகைப் பெட்டியைப் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹைட்ராக்சில் தொகுதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்ட இது அருமையான பெட்டி. ஹைட்ரஜன் பிணைப்பைக் காட்ட, வந்தபடியே பயன்படுத்தினால், உதவவே உதவாது. பிளாஸ்டிக்கின் தரத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோளாறு சிவப்பு உருண்டையில் எத்தனை துளை என்பதில் இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது

கையில் உள்ள பெட்டியில் கருப்பு 12, வெள்ளை 20, சிவப்பு 6, நீலம் 2, மஞ்சள் 2, பச்சை 4. குட்டைக் குச்சிகள் ஒற்றைப் பிணைப்புக்கு, வளையும் நீளக் குழாய்கள் இரட்டைப் பிணைப்புக்கு. கருப்பு கார்பன், வெள்ளை ஹைட்ரஜன், சிவப்பு ஆக்சிஜன், நீலம் நைட்ரஜன், மஞ்சள் கந்தகம், பச்சை குளோரின். இந்த நிற வழக்கத்துக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல். 1865-ல் லண்டனில் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் குரோக்கே விளையாட்டுப் பந்துகளைக் குச்சியால் கோத்துச் சொற்பொழிவாற்றியபோது கார்பனுக்குக் கருப்பும் ஆக்சிஜனுக்குச் சிவப்பும் கொடுத்தார். இன்றைக்கும் அதே வண்ணம்தான்.

உருண்டைகள் உறுதி. துளைகள் தளர நாளாகும். ஒரே நிபந்தனை, குச்சியைக் கழற்றும்போது திருகி எடுக்க வேண்டும். பிள்ளைகள் இரு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுப்பார்கள். பத்து வகுப்பில் வெள்ளை உருண்டையின் துளை வாய் பிளந்துவிடும். குச்சி நுனியில் சோப்பு தேய்த்து வைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

எங்கே ஜெயிக்கிறது

இந்தப் பெட்டியின் காசு முழுவதும் ஒரே பயிற்சியில் திரும்பிவிடும். இரண்டு கருப்பு, ஆறு வெள்ளை, ஒரு சிவப்பு, எட்டுக் குச்சி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேறெதையும் தொடக் கூடாது. எட்டுக் குச்சியும் செலவாகும்படி இரண்டு விதமான மூலக்கூறு செய்ய வேண்டும். சிவப்பை ஓரத்தில் வைத்து அதன் தலையில் ஒரு வெள்ளையைச் செருகினால் எத்தனால். சிவப்பை இரண்டு கருப்புக்கு நடுவில் வைத்தால் டைமெத்தில் ஈதர். உருண்டை எண்ணிக்கை ஒன்று, எடை ஒன்று, மூலக்கூறு நிறை இரண்டுக்கும் 46. ஆனால் எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஈதரோ மைனஸ் 24-லேயே ஆவியாகிவிடுகிறது. ஒன்று புட்டியில் நிற்கும் திரவம், மற்றது அழுத்தக் குப்பிக்குள் அடைக்க வேண்டிய வாயு. ஒரு வெள்ளை உருண்டை கருப்பிலிருந்து சிவப்புக்கு இடம் மாறியதற்கு நூறு டிகிரி வித்தியாசம். கரும்பலகையில் எழுதினால் இது ஒரு வரி. கையால் கழற்றி மாட்டினால் மறக்காது.

அடுத்த படி, ஓரத்தில் நிற்கும் அந்தச் சிவப்பு-வெள்ளை ஜோடியை ஒவ்வொன்றாகக் கூட்டுவது. 1-புரொப்பனாலும் எத்திலீன் கிளைக்காலும் நிறையில் கிட்டத்தட்ட சமம், 60-ம் 62-ம். முதலாவதில் ஒரு ஹைட்ராக்சில், கொதிநிலை 97. இரண்டாவதில் இரண்டு ஹைட்ராக்சில், கொதிநிலை 197. மூன்று கார்பனுக்கு மூன்று ஹைட்ராக்சில் மாட்டினால் கிளிசரின், 290. இதற்கு மூன்று கருப்பு, மூன்று சிவப்பு, எட்டு வெள்ளை, பதின்மூன்று குச்சி போதும். வளைய குளுக்கோஸும் கட்டலாம். ஆறு சிவப்பும் சரியாகத் தீர்ந்துவிடும். சர்க்கரை, அதாவது சுக்ரோஸ், ஒரு பெட்டியில் கட்ட முடியாது. அதற்குப் பதினொரு சிவப்பு வேண்டும்.

இதுவரை பெட்டிக்கு நல்ல மதிப்பெண். ஆனால் "ஏன் நூறு டிகிரி?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்கும்போது பெட்டியின் வாய் அடைத்துப்போகிறது.

எங்கே தோற்கிறது

ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு கொடுக்கல் வாங்கல். கொடுக்கும் பக்கத்தில், ஆக்சிஜனோடு பிணைந்த ஹைட்ரஜன். பாலிங் அளவுகோலில் ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்திறன் 3.44, ஹைட்ரஜனுக்கு 2.20. எலக்ட்ரான் மேகம் ஆக்சிஜன் பக்கம் சாய்ந்துவிட, ஹைட்ரஜனின் வெளிமுகம் நேர்மின் சாயலோடு மொட்டையாக நிற்கிறது. வாங்கும் பக்கத்தில், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜன் மேல் உள்ள, பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இணை. ஆக்சிஜனுக்கு இப்படி இரண்டு இணை உண்டு. இரண்டு சகப்பிணைப்பு (எலக்ட்ரானைப் பகிர்ந்து உண்டாகும் பிணைப்பு, பெட்டியில் குச்சி), இரண்டு தனித்த இணை, மொத்தம் நான்கு திசை. ஏறக்குறைய நான்முகியின் நான்கு மூலை.

மலிவுப் பெட்டியின் சிவப்பு உருண்டையில் இருப்பது இரண்டே துளை. சகப்பிணைப்பு இரண்டையும் மாட்டியதும் உருண்டை நிரம்பிவிடுகிறது. தனித்த இணைகளுக்கு அங்கே இடமே இல்லை. மீதி மேற்பரப்பு முழுக்க வழுவழு. பார்க்கிற பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? ஆக்சிஜனுக்கு இரண்டு கை, இரண்டும் வேலையில் இருக்கின்றன, அவ்வளவுதான் என்று. வெள்ளை உருண்டைக்கு ஒரே துளை. அதற்கு அந்தப் பக்கம் எதுவும் வரலாம் என்ற எண்ணமே எழாது. வாங்கவும் ஆளில்லை, கொடுக்கவும் வழியில்லை.

இதன் விளைவுதான் விடைத்தாளில் வரும் அந்தப் பழைய பிழை: நீரின் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் இணைக்கும் குச்சியையே ஹைட்ரஜன் பிணைப்பு என்று எழுதுவது. குச்சி ஒன்றுதான் கண்ணில் பட்டது. அதற்குத்தான் பெயர் வைப்பார்கள். நீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிகின்றன என்று எழுதுவதும் இதிலிருந்து பிறந்ததே. ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சகப்பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 460 கிலோஜூல் தேவை. நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20-ஐ ஒட்டிய கிலோஜூல் போதும். அடுப்பில் வைத்த பாத்திரம் இரண்டாவதைத்தான் அறுக்கிறது. முதலாவதன் மேல் அதற்குக் கை வைக்க முடியாது.

கொஞ்சம் விலை கூடிய பெட்டிகளில் சிவப்புக்கு நான்கு துளை இருக்கும். சிலவற்றில் இரண்டு துளை வெள்ளையும் நாலைந்து வரும். கரிம வேதியியலுக்கென்று விற்கும் மாணவர் பெட்டிகளில் இவை கிடைக்க வாய்ப்பு அதிகம். அது கிடைத்தால் அடுத்த பகுதியைத் தாண்டிப் போகலாம்.

இருக்கும் பெட்டியைத் திருத்துவது

புதுச் சிவப்பு தேட வேண்டாம். கருப்பு உருண்டைக்கு ஏற்கெனவே நான்கு துளை, நான்முகிக் கோணம் 109.5 டிகிரி. நீர் மூலக்கூறின் கோணம் 104.5, ஐந்து டிகிரி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பனிக்கட்டி கட்டுவதற்கு 109.5-தான் இன்னும் பொருத்தம். ஆறு கருப்பை எடுத்துச் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைத் துளை மறையாமல் ஒட்டிவிடுங்கள். நகப்பூச்சு அடிப்பவர்கள் முதலில் ஒரே ஒரு உருண்டையில் சோதிக்கவும். சில பிளாஸ்டிக்கில் பூச்சின் கரைப்பான் மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கிவிடும்.

வெள்ளையில் இரண்டாவது துளை போட வேண்டும், முதல் துளைக்கு நேர் எதிரே. இருக்கும் துளையில் ஒரு குச்சியைச் செருகினால் கோடு தெரியும். அந்தக் கோட்டின் நீட்சியில் 2 மில்லிமீட்டர் பிட்டால் கைத்துரப்பணம் கொண்டு மெதுவாகத் தொடங்கி, ஐந்து மில்லிமீட்டர் ஆழத்தோடு நிறுத்துங்கள். மின் துரப்பணத்தை வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகித் துளை மறுபடி அடைத்துக்கொள்ளும். கோணம் தவறினாலும் கெடும். ஆக்சிஜன், ஹைட்ரஜன், அடுத்த ஆக்சிஜன் மூன்றும் ஏறத்தாழ நேர்கோட்டில் இருக்கும்போதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு வலுவாக இருக்கும். கோணலான துளை கோணலான பாடம் சொல்லும்.

இணைப்புக்கு மீன்தொட்டியின் காற்றுக் குழாய் போதும். ஒளி ஊடுருவும் நிறம் நல்லது, குச்சியோடு குழம்பாது. நீளத்தை இப்படிக் கணக்கிடுங்கள். உண்மையில் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சகப்பிணைப்பின் நீளம் 0.96 ஆங்ஸ்ட்ராம், பனிக்கட்டியில் ஹைட்ரஜன் பிணைப்பின் நீளம் சுமார் 1.8. ஏறக்குறைய இரட்டிப்பு. பெட்டியில் சிவப்பின் மையத்திலிருந்து வெள்ளையின் மையம் 2.5 சென்டிமீட்டர் என்றால், வெள்ளையின் மையத்திலிருந்து அடுத்த சிவப்பின் மையம் 4.7 இருக்கும்படி குழாயை நறுக்க வேண்டும். குழாய் இறுக்கமாகப் பிடிக்கக் கூடாது. உலுக்கினால் குழாய் கழல வேண்டும், குச்சி கழலக் கூடாது. 20-க்கும் 460-க்கும் உள்ள உறவு அந்த உலுக்கலில் கைக்குத் தெரிந்துவிடும்.

ஆறு நீர், பன்னிரண்டு வெள்ளை. வளையமாகக் கோத்தால் தட்டையாக உட்காராது, மேலும் கீழுமாக நெளியும். அதுதான் சரி. தட்டையாக்க அழுத்த வேண்டாம். வளையத்தின் நடுவில் இருக்கும் காலியிடத்தைப் பார்த்துவிட்டு, அதே ஆறு மூலக்கூறையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் குவித்தால் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பனிக்கட்டியின் அடர்த்தி 0.917, ஆகவே மிதக்கிறது என்ற வரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மஞ்சள் உருண்டையால் ஹைட்ரஜன் சல்பைடும் செய்து பக்கத்தில் வையுங்கள். வடிவம் அதே வளைந்த வடிவம், நிறை நீரைப் போல ஏறக்குறைய இரட்டிப்பு, கொதிநிலையோ மைனஸ் 60. கந்தகத்தின் கவர்திறன் 2.58-தான், ஹைட்ரஜனை மொட்டையடிக்க அது போதவில்லை.

காந்தம் பதித்தும் செய்யலாம். 3 மில்லிமீட்டர் நியோடிமியம் வட்டுகளை வெள்ளையின் வெளிமுகத்தில் வடமுனை பார்க்கவும், சிவப்பின் காலித் துளைகளில் தென்முனை பார்க்கவும் இறுக்கமாகச் செருக வேண்டும். ஒட்டுப் பசையை நம்பாதீர்கள். இந்த உருண்டைகள் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் வகையாக இருந்தால் உடனடிப் பசை பிடிக்காது. ஒரு வட்டு தலைகீழாகப் போனாலும் அந்த மூலக்கூறு எல்லோரையும் தள்ளிவிடும், ஆகவே பதிக்கும் முன் முனையில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். பத்து நீர் செய்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மெதுவாக ஆட்டினால் கொத்துக் கொத்தாகச் சேரும், பிரியும், வேறு ஆளோடு சேரும். நீருக்குள் நடப்பதும் இதுதான், பிக்கோவிநாடி கணக்கில், அதாவது விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்த கணக்கில். பலமாக ஆட்டினால் கொத்து நிற்காது. இரண்டு வெள்ளை முகம் பார்த்தால் விலகுவதும், இரண்டு சிவப்பு விலகுவதும் கூடுதல் லாபம். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் மட்டும் இந்த வழி வேண்டாம். விழுங்கிய காந்தங்கள் குடலில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய புட்டிகள்

உருண்டை எவ்வளவு திருத்தினாலும் அது பொம்மைதான். ஹைட்ராக்சிலின் குணம் தெரிய நிஜத் திரவம் வேண்டும். மருந்துக்கடை கிளிசரின், செல்போன் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய். இவ்வளவும் சேர்ந்தால்தான் இந்தப் பெட்டி முழுப் பெட்டி.

கிளிசரின் வாங்கும்போது பன்னீர் கலந்த சருமத் திரவத்தைக் கொடுத்துவிடுவார்கள். தனிக் கிளிசரின் என்று கேட்டு வாங்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு சோதனைக் குழாயில் ஒன்றில் நீரும் ஒன்றில் கிளிசரினும் நிரப்பி, சைக்கிள் பேரிங்கின் சின்ன எஃகுக் குண்டை விடுங்கள். நீரில் கண் இமைப்பதற்குள் அடியில் இருக்கும். கிளிசரினில் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி இறங்கும். நீரின் பாகுநிலை, அதாவது ஓடாமல் பிடித்து நிறுத்தும் கெட்டித்தன்மை, 20 டிகிரியில் ஒன்று என்றால் கிளிசரினுக்கு ஆயிரத்து நானூறை ஒட்டி வரும். ஒரு மூலக்கூறுக்கு மூன்று ஹைட்ராக்சில், ஒவ்வொன்றும் கொடுக்கவும் வாங்கவும் செய்கிறது, சுற்றிலும் ஒரே வலை. குண்டு அந்த வலையைக் கிழித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி. புத்தக எண் 20 டிகிரிக்கு. 30 டிகிரியில் கிளிசரினின் பாகுநிலை பாதிக்கும் கீழே, 600 அளவுக்கு வந்துவிடும். 40-ல் முந்நூறுக்கும் குறைவு. பாலக்காட்டு மார்ச் மாத நண்பகலில் செய்துவிட்டு எண் ஒத்துவரவில்லை என்று கிளிசரினைக் குறை சொல்லிப் பயனில்லை. வெப்பமானியைப் பக்கத்தில் வைத்துக் குறித்தால் அதுவே ஒரு பாடம். சூடு ஏற ஏற வலை அறுகிறது. இன்னொரு கண்ணி ஜூன் மாதத்தில். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பத்து சதவீதம் நீர் கலந்தாலே 20 டிகிரியில் பாகுநிலை 1,400-லிருந்து 220 அளவுக்குச் சரிந்துவிடும். மூடி தளர்ந்த பழைய புட்டியை வைத்துச் சோதனை செய்தால் குண்டு ஓடிவிடும். மழைக்காலத்தில் கருப்பட்டி கசிவதும் இதே குணம்தான். சர்க்கரை மூலக்கூறு முழுக்க ஹைட்ராக்சில், எட்டு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஆய்வக அலமாரியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இருக்கும். அதன் தூள்மேல் கிளிசரின் விழுந்தால் தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவே கூடாது.

ஆல்கஹாலும் நீரும் கலந்தால் அளவு சுருங்கும் என்ற சோதனை கையேட்டிலும் இருக்கிறது, பெரும்பாலும் தப்பாகச் செய்யப்படுகிறது. 50 மில்லி நீரும் 50 மில்லி ஆல்கஹாலும் சேர்ந்தால் 97 மில்லியை ஒட்டி நிற்கும். கையேட்டில் சொன்னபடி ஓர் அளவு உருளையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினால், சுவரில் ஒட்டிய அரை மில்லியும் சுருக்கக் கணக்கில் சேர்ந்துவிடும். நீரோடு நீரை ஊற்றிப் பார்த்தால் இந்தப் பொய்ச் சுருக்கம் எவ்வளவு என்று தெரியும். கலந்தவுடனேயே அளப்பது இன்னொரு தவறு. கலவை சூடாகும், சூட்டில் விரியும், கரைந்திருந்த காற்றும் குமிழாக வரும். கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். இதைவிட எளிய வழி, இரு முனையும் அடைக்கக்கூடிய நீளக் கண்ணாடிக் குழாய். பாதிவரை நிறமிட்ட நீர், மேலே ஆல்கஹாலைச் சுவரோரமாக மெதுவாக விட்டு, மட்டத்தில் நூல் கட்டி, அடைத்து, பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். நூலுக்குக் கீழே மட்டம் இறங்கியிருக்கும். அக்ரிலிக் குழாய் வேண்டாம், ஆல்கஹால் பட்டால் நூலிழை விரிசல் விடும்.

மருந்துக்கடையின் 70 சதவீத ஆல்கஹாலில் இது சரியாக வராது. அதில் ஏற்கெனவே நீர் கலந்து, பெரும்பங்கு சுருக்கம் கம்பெனியிலேயே முடிந்துவிட்டது.

கடுகையும் பட்டாணியையும் கலந்து காட்டி, சின்னது பெரியதன் இடுக்கில் புகுகிறது என்று விளக்குவது நம் வகுப்பறைகளில் வழக்கம். பாதி உண்மை. கடுகையும் பட்டாணியையும் எவ்வளவு நேரம் குலுக்கினாலும் சூடாகாது. இங்கே குழாய் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிகிறது. இரு பக்க ஹைட்ராக்சிலும் புதுக் கூட்டணி அமைக்கின்றன என்பதற்கு அந்தச் சூடுதான் சாட்சி.

அசிட்டோன் எதற்கு? வாங்க மட்டும் தெரிந்த ஆளைக் காட்ட. அதன் ஆக்சிஜனில் தனித்த இணை உண்டு, ஆனால் ஆக்சிஜனில் ஹைட்ரஜன் கிடையாது. தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை, ஆகவே 56 டிகிரியில் கொதிக்கிறது. நீர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், ஆகவே எந்த விகிதத்திலும் நீரோடு கலக்கிறது. கண்ணாடித் தகட்டில் அசிட்டோன், ஐசோபுரொப்பைல், நீர், கிளிசரின் ஒவ்வொன்றிலும் ஐந்து சொட்டு வைத்தால் அந்த வரிசையிலேயே காயும், கிளிசரின் காயவே காயாது. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யவும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது ஜன்னலையும் அடைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் இரண்டுக்கும் நேர வித்தியாசம் பிடிபடாது.

இந்தப் புட்டிகளில் நம் கையில் ஏற்கெனவே இருந்தும் யாரும் கண்டுகொள்ளாதது விளக்கெண்ணெய். தேங்காய் எண்ணெயும் அதுவும் கொழுப்பு அமிலமும் கிளிசரினும் சேர்ந்த ஒரே குடும்பம். ஆனால் ஆமணக்கின் கொழுப்பு அமிலத்தில் பெரும்பங்கு ரிசினோலெயிக் அமிலம். அதன் பதினெட்டுக் கார்பன் சங்கிலியில் பன்னிரண்டாவதன் மேல் ஒரு ஹைட்ராக்சில் தொங்குகிறது. அந்த ஒரு தொங்கலால் விளக்கெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டி. 95 சதவீத எத்தனாலில் விளக்கெண்ணெய் கரைந்து தெளியும், தேங்காய் எண்ணெய் கலங்கி அடியில் இறங்கும். இதைப் பள்ளி ஆய்வக எத்தனாலில்தான் செய்ய வேண்டும். ஐசோபுரொப்பைலில் இரண்டு எண்ணெயுமே கரையத் தொடங்கி வித்தியாசம் மங்கிவிடும். தாளில் அச்சிட்ட அமைப்பு வாய்பாட்டை வைத்து இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

கையேட்டைப் பற்றி

பெட்டியோடு வரும் சிறு கையேடு பலவீனமான பகுதி. ஹைட்ராக்சில் என்ற பெயரைப் பார்த்ததும் காரம் என்று எழுதிவைத்திருக்கிறது. எத்தனாலின் ஓ-எச் கார்பனோடு சகப்பிணைப்பில் இருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடில் போல அயனியாகப் பிரிந்து வராது. சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள், நிறம் மாறாது. பசையும் வெண்காரமும் கலந்து செய்யும் ஸ்லைம் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகுகிறது என்பதும் முழுச் சரியில்லை. பசையில் உள்ள பாலிவினைல் ஆல்கஹாலின் ஹைட்ராக்சில்களை வெண்காரத்தின் போரேட் அயனி குறுக்கே பிணைக்கிறது, அது விட்டு விட்டுப் பிடிக்கும் சகப்பிணைப்பு. ஹைட்ரஜன் பிணைப்பு அதில் துணைக்கு நிற்கிறது.

ஹைட்ரஜன் பிணைப்பு ஃபுளூரின், ஆக்சிஜன், நைட்ரஜன் மூன்றுக்கு மட்டும்தான் என்ற வரியும் இருக்கிறது. பரீட்சையில் அப்படியே எழுதலாம். ஆனால் 2011-ல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் வெளியிட்ட வரையறை அதைவிட அகலமானது. அந்தக் குழுவை நடத்தியவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் அருணன் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லலாம்.

கையேட்டில் இல்லாத ஒன்றைச் சேர்க்கச் சொன்னால், வேட்டிக்குக் கஞ்சி போடுவதைச் சேர்க்கலாம். பருத்தி செல்லுலோஸ், ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில். கஞ்சியின் மாவுச்சத்தும் அப்படியே. தண்ணீர் தெளித்தால் பழைய ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு நடுவே நீர் புகுந்து இழையைத் தளர்த்துகிறது. இஸ்திரிப் பெட்டியின் சூடு நீரை விரட்ட, மடித்த இடத்திலேயே புதுப் பிணைப்புகள் விழுகின்றன. பாலியெஸ்டரில் ஹைட்ராக்சில் பெயருக்குக்கூட இல்லாததால் கஞ்சி பிடிக்காது. பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 8.5 சதவீதம் ஈரம் வைத்திருக்கும், பாலியெஸ்டர் 0.4. ஆடி மாதச் சாரலில் கொடியில் எது முதலில் காய்கிறது என்று வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

யார் வாங்கலாம்

பத்தாம் வகுப்புக்கு மட்டும் என்றால் இரண்டு துளைச் சிவப்பு உள்ள மலிவுப் பெட்டியே போதும். ஹைட்ரஜன் பிணைப்பு அங்கே பெரிதாக வராது. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு வாங்குபவர்கள் நான்கு துளைச் சிவப்பைத் தேடுங்கள், அல்லது மலிவுப் பெட்டி இரண்டு வாங்கித் திருத்துங்கள். இரண்டு பெட்டி என்றால் நாற்பது வெள்ளை. பன்னிரண்டு நீர் கொண்ட இரண்டடுக்குப் பனிக்கட்டிக்கு இருபத்து நான்கு வேண்டும், இழப்புக்கும் மிச்சம் இருக்கும். வெள்ளைதான் முதலில் தொலையும், பெஞ்சுக்கு அடியில் உருண்டு போகும். வகுப்பு முடிந்ததும் எண்ணி உள்ளே வையுங்கள்.

கடையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, ஒரு சிவப்பு உருண்டையைக் கையில் எடுத்துத் துளையை எண்ணுங்கள். ஆன்லைன் என்றால் படத்தைப் பெரிதாக்கி நீர் மூலக்கூறைப் பாருங்கள். இரண்டு வெள்ளை மாட்டிய பிறகும் சிவப்பில் இரண்டு காலித் துளை தெரிந்தால் அந்தப் பெட்டி.